டேட்டனில் கலந்த ஈயம்

லாபத்தின் வரலாறு – 11

ஹென்றி ஃபோர்டின் டி மாடல் காரை விலையில் வெல்ல முடியாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் முடிவு கட்டியதைச் சென்ற இதழில் பார்த்தோம். 1923இல் தலைவர் பொறுப்புக்கு வந்த ஆல்ஃபிரட் ஸ்லோன் வேறு பாதை பிடித்தார். கூடுதல் வேகம், கூடுதல் சக்தி, ஆண்டுதோறும் புது மாடல். இந்தப் பாதையின் குறுக்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கல் கிடந்தது. இஞ்சினின் சக்தியைக் கூட்ட வேண்டுமானால் சிலிண்டருக்குள் இருக்கும் பெட்ரோல், காற்றுக் கலவையை இன்னும் இறுக்கி அழுத்த வேண்டும். அன்றைய பெட்ரோல் அந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை. தீப்பொறியிலிருந்து நெருப்பு பரவி வருவதற்குள் கலவையின் ஒரு பகுதி தானாகவே பற்றிக்கொண்டது. உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் கேட்டது. மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்பது இதைத்தான். தட்டல் முற்றினால் பிஸ்டனே உடைந்துபோகும்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டேட்டன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் சார்லஸ் கெட்டரிங். கைப்பிடியைச் சுழற்றாமல் காரைக் கிளப்பும் மின்சார ஸ்டார்ட்டரை 1912 கேடிலாக்கில் கொண்டுவந்து புகழ் பெற்றவர். அவரிடம் 1916இல் வேலைக்குச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் பொறியாளரிடம் நாக்கிங் பிரச்சினை ஒப்படைக்கப்பட்டது. அயோடின், அனிலின், செலினியம், டெல்லூரியம் என்று வரிசையாகப் பெட்ரோலில் கலந்து பார்த்தார். சில வேலை செய்தன. ஆனால் ஒன்று விலை அதிகம், அல்லது இஞ்சினை அரித்தது, அல்லது நாற்றம் பொறுக்கவில்லை. டெல்லூரியத்தின் பூண்டு நாற்றம் ஆய்வாளர்களின் உடம்பை விட்டே போகவில்லையாம். 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் ஈயம் என்ற திரவத்தைச் சோதித்தார்கள். தட்டல் நின்றது. ஒரு கேலன் பெட்ரோலுக்கு மூன்று மில்லிலிட்டர் அளவு போதும்.

இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நிற்க வேண்டும். கதை பெரும்பாலும் இங்கிருந்து நேராக ஈயத்துக்குப் போய்விடும்; வேறு வழியே இல்லாதிருந்தது என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் தங்கிவிடும். வேறு வழி இருந்தது. அது மிட்ஜ்லிக்கே தெரியும். ஈயத்தைக் கண்டுபிடிப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, 1921 அக்டோபரில், பெட்ரோலில் 30 சதவீதம் எத்தனால் கலந்த எரிபொருளில், அழுத்தம் கூட்டிய இஞ்சின் பொருத்திய காரை டேட்டனிலிருந்து இண்டியானாபொலிஸ் வரை ஓட்டிக்கொண்டு போய்ப் பொறியாளர் மாநாட்டில் காட்டியவர் அவர். நாக்கிங் இல்லை, புகை குறைவு. சோளத்திலிருந்தும் கரும்பின் கழிவுப்பாகிலிருந்தும் வடிக்கிற அந்தச் சாராயத்தைத்தான் இன்று நம் ஊர் பங்க்குகளிலும் பெட்ரோலோடு கலந்து விற்கிறார்கள்.

எத்தனாலில் நிறுவனத்துக்கு இரண்டு குறைகள் இருந்தன. நாக்கிங்கை நிறுத்தப் பத்து சதவீதமாவது சேர்க்க வேண்டும். அத்தனை பெட்ரோலின் விற்பனை எண்ணெய் நிறுவனங்களுக்கு நட்டம். இன்னொன்று, சாராயத்துக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. விவசாயி எவரும் வடிக்கலாம். டெட்ரா எத்தில் ஈயத்தைப் பெட்ரோலில் கலப்பதற்குக் காப்புரிமை உண்டு. ஓடுகிற ஒவ்வொரு காரும் போடுகிற ஒவ்வொரு கேலனிலும் ஒரு பங்கு டேட்டனுக்கு வந்து சேரும். 1922க்குப் பிறகு ஜெனரல் மோட்டார்ஸின் பேச்சிலிருந்து எத்தனால் மெல்ல மறைகிறது. இந்த வரலாற்றில் நடந்த எல்லாத் தவறுகளையும்விட இந்தத் தேர்வைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பின்னால் வந்தவை இதன் விளைவுகள்.

ஈயம் நஞ்சு என்பது தெரியாமல் எடுத்த முடிவு என்று சொல்ல இடமே இல்லை. ஈயம் மனிதனை முடமாக்கும், புத்தியைக் கலைக்கும் என்பது ரோமானியர் காலத்திலிருந்தே அறிந்த செய்தி. வீட்டுக்குள் பூசும் வண்ணத்தில் வெள்ளை ஈயம் கூடாது என்று ஐரோப்பிய நாடுகள் 1920களின் தொடக்கத்திலேயே ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தன. ஜெனரல் மோட்டார்ஸின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கையில் வைத்திருந்த டூபான்ட் குடும்பத்தின் பியேர் டூபான்ட், 1922 மார்ச்சில் தன் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில், இந்தத் திரவம் தோல் வழியாக உடம்பில் ஏறினால் உடனடியாக ஈய நஞ்சு தாக்கும் என்று எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மிட்ஜ்லியே நோய்ப்பட்டார். நுரையீரலில் ஈயம் ஏறிவிட்டது என்று சொல்லி ஃபுளோரிடாவுக்கு ஓய்வெடுக்கப் போனார். அவர் ஓய்விலிருந்தபோதே, 1923 பிப்ரவரி 2 அன்று, டேட்டன் நகரின் ஒரு பங்க்கில் ஈயப் பெட்ரோல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. பெயரில் ஈயம் இல்லை. ‘எத்தில்’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அந்த ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் முதல் மூன்று இடங்களைப் பிடித்த கார்களும் எத்தில் போட்டு ஓடியவை. அதற்குமேல் விளம்பரம் வேண்டியிருக்கவில்லை.

1924 ஆகஸ்டில் ஜெனரல் மோட்டார்ஸும் நியூ ஜெர்சியின் ஸ்டாண்டர்டு ஆயிலும் பாதிக்குப் பாதி போட்டு எத்தில் கேசோலின் கார்ப்பரேஷனைத் தொடங்கின. கெட்டரிங் தலைவர், மிட்ஜ்லி துணைத் தலைவர். திரவத்தைத் தயாரிக்கும் பொறுப்பில் டூபான்ட் இருந்தது. நியூ ஜெர்சியின் டீப்வாட்டர் என்ற இடத்தில் அதன் தொழிற்கூடம். அங்கே வேலை பார்த்தவர்கள் கண்ணெதிரே இல்லாத பூச்சிகளைக் கையால் விரட்டிக்கொண்டிருந்ததால் அந்தக் கட்டடத்துக்குத் தொழிலாளர்கள் ‘வண்ணத்துப்பூச்சி வீடு’ என்று பெயர் வைத்தார்கள்.

ஸ்டாண்டர்டு ஆயிலிடம் இதைவிட மலிவான தயாரிப்பு முறை ஒன்று இருந்தது. பேவே என்ற இடத்தில் இருந்த தன் சுத்திகரிப்பு ஆலையில் அதை அவசரமாக ஓட்டத் தொடங்கியது. 1924 அக்டோபர் கடைசியில் அங்கே ஒரு தொழிலாளர் தன்னைப் பலர் துரத்துவதாக அலறிக்கொண்டு ஓடினார். மறுநாள் இன்னும் சிலர். சிலரைக் கை கால் அசையாமல் கட்டித்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடிந்தது. அந்தப் பிரிவில் வேலை பார்த்த 49 பேரில் 5 பேர் இறந்தார்கள். சுமார் 35 பேர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அளவுக்கு மீறி உழைத்ததால் புத்தி பேதலித்திருக்கும் என்று ஆலைத் தரப்பில் ஒருவர் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். நியூயார்க் பத்திரிகைகள் அதைப் ‘பைத்தியப் பெட்ரோல்’ என்று எழுதின. டேட்டனில் 2 பேர், டீப்வாட்டரில் 1925 தொடக்கத்துக்குள் 8 பேர் என்று மற்ற இடங்களின் சாவுகளும் வெளியே வந்தன.

1924 அக்டோபர் 30 அன்று ஸ்டாண்டர்டு ஆயில் அலுவலகத்தில் கூடிய பத்திரிகையாளர்கள் முன்னால் மிட்ஜ்லி வந்து நின்றார். டெட்ரா எத்தில் ஈயத்தைக் கையில் ஊற்றிக் கழுவினார். குப்பியை மூக்கருகே வைத்து ஒரு நிமிடம் போல முகர்ந்தார். தினமும் இப்படிச் செய்தாலும் தனக்கு ஒன்றும் ஆகாது என்றார். இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை அவர் இதே நஞ்சுக்காகப் படுக்கையில் கிடந்து. தன் உடம்பையே சாட்சியாக்கிப் பொய் சொன்ன அந்த மனிதரை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. கொடியவர் என்று முத்திரை குத்துவதும் சரியாகப் படவில்லை. தன் கண்டுபிடிப்பின் மேல் அவருக்கிருந்த நம்பிக்கை உண்மையானது. அந்த நம்பிக்கையின் விலையைக் கொடுத்தவர்கள் பேவேயில் அந்த வாரம் புதைக்கப்பட்டார்கள்.

நியூயார்க், பிலடெல்பியா நகரங்களும் நியூ ஜெர்சி மாநிலமும் தடை போட்டன. நிறுவனம் 1925 மே மாதம் விற்பனையைத் தானாகவே நிறுத்தி வைத்தது. மே 20 அன்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியான சர்ஜன் ஜெனரல் ஹ்யூ கம்மிங், வாஷிங்டனில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். பொதுச் சுகாதாரத் துறை அப்போது நிதி அமைச்சகத்தின் கீழ் இருந்தது. நிதி அமைச்சர் ஆண்ட்ரூ மெலன். அவர் குடும்பத்தின் கல்ஃப் ஆயில், எத்தில் பெட்ரோலை விற்க ஒப்பந்தம் போட்டிருந்தது.

பல நாள் நடப்பதாக இருந்த மாநாடு ஒரே நாளில் முடிந்தது. எத்தில் தரப்பில் பேசிய ஃபிராங்க் ஹோவர்டு, இது ஏறக்குறைய கடவுள் கொடுத்த வரம், எண்ணெயைச் சேமிக்கும், நாகரிகம் மோட்டாரில்தான் ஓடுகிறது, ஒருவேளை தீங்கு வரலாம் என்ற பயத்தில் இதை விட்டுவிட முடியுமா என்று கேட்டார். தொழிலாளர் நலக் குழு ஒன்றின் சார்பில் வந்திருந்த கிரேஸ் பர்னம், செத்துப்போன தொழிலாளர்களுக்கு இது கடவுளின் வரமாக இருக்கவில்லை என்று பதில் சொன்னார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியரும் தொழில் நோய்களில் அமெரிக்காவின் தலைசிறந்த மருத்துவருமான ஆலிஸ் ஹாமில்டன், ஈயம் இருக்கிற இடத்தில் இன்றோ நாளையோ ஈய நோய் வந்தே தீரும் என்றார். யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டெல் ஹெண்டர்சன் தொடக்கத்திலிருந்தே இதை எதிர்த்தவர். ஆலைக்குள் நடக்கும் சாவு பிரச்சினையின் சிறு பகுதி. தெருவில் மெல்ல மெல்லப் படியும் ஈயம் யார் கண்ணிலும் படாமல் ஏறும். மக்கள் விழித்துக்கொள்ளும்போது நாடு முழுவதும் இந்தப் பெட்ரோல்தான் ஓடிக்கொண்டிருக்கும் என்று அதே ஆண்டு எச்சரித்திருந்தார்.

மாநாட்டில் மோதிய இரண்டு நிலைகளில்தான் இந்த அத்தியாயத்தின் சாரம் இருக்கிறது. ஒரு நஞ்சைப் பொதுக் காற்றில் கலக்க விரும்புகிறவர் அது தீங்கற்றது என்று முதலில் காட்டட்டும் என்றார்கள் ஹாமில்டனும் ஹெண்டர்சனும். தீங்கு என்று சொல்கிறவர் அதைக் காட்டட்டும், அதுவரை விற்போம் என்றது நிறுவனம். அரசு ஒரு குழுவை அமைத்தது. ஏழு மாத அவகாசத்தில் டேட்டன், சின்சினாட்டி நகரங்களில் 252 ஓட்டுநர்களையும் பங்க் ஊழியர்களையும் பரிசோதித்து, தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்று 1926 ஜனவரியில் குழு அறிக்கை கொடுத்தது. அதே அறிக்கையில், ஆண்டுக்கணக்கில் பழகினால் தீங்கு தெரியவரலாம், அரசுப் பணத்தில் ஆய்வு தொடர வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். விற்பனை மீண்டும் தொடங்கியது. அரசுப் பணத்தில் ஆய்வு தொடரவில்லை.

அந்த வெற்றிடத்தில் வந்து உட்கார்ந்தவர் ராபர்ட் கெஹோ. டேட்டன் சாவுகளுக்குப் பிறகு நிறுவனம் அமர்த்திய சின்சினாட்டி மருத்துவர். அவருடைய முதல் ஆய்வே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. திரவத்தைக் கையாண்ட தொழிலாளர்களின் கழிவில் ஈயம் இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அதே ஆலையில் வேறு வேலை பார்த்தவர்களையும் சோதித்தார். அவர்களிடமும் ஈயம் இருந்தது. ஆலை முழுக்க ஈயத் தூசி பரவியிருக்கிறது என்று எவரும் முடிவுக்கு வருவார்கள். மனித உடம்பில் ஈயம் இருப்பது இயல்பு என்று முடிவு செய்தார் கெஹோ. பிறகு மெக்சிகோ நகரத்துக்கு வெளியே, கார் அதிகம் போகாத கிராமத்து மக்களைச் சோதித்தார். அங்கேயும் ஈயம். அவர்கள் சமைத்ததும் உண்டதும் ஈய மெருகு பூசிய மண்பாண்டங்களில்.

1930இல் எத்தில், ஜெனரல் மோட்டார்ஸ், டூபான்ட் நிறுவனங்களின் பணத்தில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் கெட்டரிங் ஆய்வகம் எழுந்தது. கெஹோ அதன் தலைவர். எத்தில் நிறுவனத்தின் மருத்துவ இயக்குநரும் அவரே. ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 80 மைக்ரோகிராம் ஈயம் வரை ஆபத்தில்லை என்ற அவர் அளவுகோலையே மருத்துவ உலகம் நெடுங்காலம் பின்பற்றியது. இன்று அமெரிக்காவில் குழந்தையின் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே மருத்துவர்கள் கவனிக்கிறார்கள். ஆலைத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு முறைகள் வந்தது கெஹோவால்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தீங்கு என்பவர் தரவைக் காட்டட்டும் என்று அவர் சொன்னபோது, ஈயத்தை அளக்கும் கருவியும் பணமும் ஆட்களும் பெரும்பாலும் அவர் கூரையின் கீழ் மட்டுமே இருந்தன. கேள்வி கேட்பவரிடம் பதில் தேடும் வழி இல்லாமல் 40 ஆண்டுகள் ஓடின.

அந்தச் சுவரை உடைத்தவர் மருத்துவர் கிடையாது. பூமியின் வயதைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த ஒரு புவிவேதியியலாளர். கிளேர் பேட்டர்சன் பழம்பாறைகளிலும் விண்கற்களிலும் உள்ள ஈயத்தின் ஐசோடோப்புகளை அளக்க முயன்றபோது, எங்கிருந்தோ வந்த ஈயம் அவர் அளவுகளைக் குலைத்துக்கொண்டே இருந்தது. மேசையில், தண்ணீரில், தலைமுடியில், காற்றில் எல்லாம் ஈயம். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் தூசியே நுழையாத ஒரு கூடத்தைக் கட்டினார். அங்கே உழைத்து, பூமிக்கு வயது 455 கோடி ஆண்டுகள் என்ற முடிவை 1956இல் வெளியிட்டார். அந்த எண்ணில் இன்றுவரை பெரிய மாற்றம் இல்லை.

பிறகு அவர் அந்தத் தூசியின் பக்கம் திரும்பினார். ஆழ்கடல் நீரைவிட மேற்பரப்பு நீரில் ஈயம் மிக அதிகமாக இருந்தது; அப்படியானால் அது அண்மையில்தான் மேலிருந்து விழுந்திருக்க வேண்டும். கிரீன்லாந்துப் பனியை ஆண்டு ஆண்டாக வெட்டி எடுத்துப் பார்த்ததில், கார்கள் பெருகிய காலத்தில் ஈயம் செங்குத்தாக ஏறியிருந்தது. அமெரிக்கர்களின் உடம்பில் உள்ள ஈயம் இயற்கை அளவைப்போல் சுமார் 100 மடங்கு என்று 1965இல் எழுதினார். எல்லோரிடமும் இருப்பதால் இயல்பு என்ற கெஹோவின் வாதம் இங்கே சரிந்தது. பேட்டர்சனுக்கு எண்ணெய்த் துறையிலிருந்து வந்த ஆய்வு நிதி நின்றது. 1971இல் ஈயத்தைப் பற்றி ஆராய தேசிய அறிவியல் கழகம் அமைத்த குழுவில், அந்த விஷயத்தை அவரளவுக்கு அறிந்தவர் எவரும் இல்லாதபோதும், அவர் பெயர் இல்லை.

ஈயப் பெட்ரோலுக்கு முடிவு கட்டியதில் பேட்டர்சனின் பங்கு பெரிது. ஆனாலும் முதல் அடி எதிர்பாராத பக்கத்திலிருந்து விழுந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற நகரங்களின் புகைமூட்டத்துக்குக் காரின் புகையே காரணம் என்று சட்டங்கள் இறுகிவந்த நேரம். 1970 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் எட் கோல், இனி வரும் கார்களுக்கு ஈயமில்லாத பெட்ரோல் தேவை என்று அறிவித்தார். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பூசியிருக்கும் பிளாட்டினத்தை ஈயம் பாழாக்கிவிடும். எத்தில் நிறுவனத்தில் இருந்த தன் பங்கை ஜெனரல் மோட்டார்ஸ் 1962லேயே விற்றுவிட்டிருந்தது. வர்ஜீனியாவில் காகிதம் செய்துவந்த ஆல்பிமார்ல் என்ற சிறு நிறுவனம் 20 கோடி டாலர் கடனில் திரட்டி எத்திலை வாங்கியிருந்தது. மனித உடம்பு கெடுகிறது என்று 45 ஆண்டுகள் சொன்னபோது அசையாத தொழில், ஓர் உலோகப் பூச்சு கெடுகிறது என்றதும் அசைந்தது. எழுதும்போதே மனம் கசக்கிறது.

ஈயத்தைப் படிப்படியாகக் குறைக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 1973இல் விதி போட்டது. எத்தில் நீதிமன்றம் போனது. வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1976இல் 5க்கு 4 என்ற கணக்கில் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. தீங்கு நேர்ந்து முடிந்துவிட்டது என்று அரசு நிரூபிக்க வேண்டியதில்லை, ஆபத்துக்குத் தக்க காரணம் இருந்தாலே முன்கூட்டித் தடுக்கலாம் என்றது அந்தத் தீர்ப்பு. ஹாமில்டன் 1925இல் கேட்டது ஏறக்குறைய இதைத்தான். அவர் 1970இல், 101ஆவது வயதில் காலமாகியிருந்தார். 1979இல் ஹெர்பர்ட் நீடில்மேன், பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து அளந்து, நோயே இல்லாததுபோல் தெரிகிற பிள்ளைகளிடமும் ஈயம் கூடக் கூட அறிவுத்திறனும் கவனமும் குறைவதைக் காட்டினார். அவர் ஆய்வில் மோசடி என்று ஈயத் தொழிலுக்குச் சாட்சி சொன்னவர்கள் புகார் கொடுத்தார்கள். விசாரணையில் அது நிற்கவில்லை. 1976க்கும் 1980க்கும் இடையில், பெட்ரோலில் ஈயம் குறைந்த அதே வேகத்தில் அமெரிக்கர்களின் சராசரி ரத்த ஈயம் சுமார் 37 சதவீதம் இறங்கியது. இதற்குப் பிறகு வாதாட ஒன்றும் மிச்சமில்லை. 1996இல் அமெரிக்கச் சாலைகளில் முழுத் தடை வந்தது.

இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில், கன்வெர்ட்டர் பொருத்திய புதுக் கார்களுக்காக ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. நாடு முழுவதும் மாறியது 2000 பிப்ரவரியில். அதற்கு முன்பு நெரிசலான சாலை ஓரங்களில் வளர்ந்த ஒரு தலைமுறை நம்மிடையே நாற்பது, ஐம்பது வயதில் இருக்கிறது. ஈயம் எலும்பில் தங்கி, ஆண்டுகள் பல கழிந்தும் ரத்தத்துக்குத் திரும்பும்.

பணக்கார நாடுகளில் கதவு மூடியதும் வணிகம் ஏழை நாடுகளுக்குப் போனது. கடைசிவரை இந்தத் திரவத்தைத் தயாரித்தது இங்கிலாந்தின் எல்ஸ்மியர் போர்ட் ஆலை. அதை நடத்திய இன்னோஸ்பெக் நிறுவனம், ஈயப் பெட்ரோல் விற்பனை நிற்காமலிருக்க இந்தோனேசியாவிலும் ஈராக்கிலும் அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்ததாக 2010இல் அமெரிக்க, பிரிட்டிஷ் நீதிமன்றங்களில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா, 2021 ஜூலையில் நிறுத்தியது. டேட்டன் பங்க்கில் முதல் கேலன் ஊற்றப்பட்டு 98 ஆண்டுகள் கழித்து.

மிட்ஜ்லி 1944இல் இறந்தார். அதற்குள் இன்னொரு கண்டுபிடிப்பையும் தந்துவிட்டார். குளிர்பெட்டிகளுக்கு நஞ்சில்லாத, தீப்பிடிக்காத ஒரு வாயு. இந்த முறையும் தொழிலுக்குப் பின்னால் ஜெனரல் மோட்டார்ஸும் டூபான்டும். வானத்தின் ஓசோன் படலத்தை அது தின்னக்கூடும் என்று 1974இல் எச்சரிக்கை வந்தபோது டூபான்ட் முதலில் கெஹோவின் பாதையிலேயே நடந்தது. 1988இல் திடீரென்று அதைக் கைவிடுவதாக அறிவித்தது. அறிவியல் மட்டும்தான் அந்த மனமாற்றத்துக்குக் காரணமா என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)